மேற்படி குழந்தை

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார் ஒரு மனிதர். கேட்டு வந்தேன். ஆனால் கேட்டதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தை ‘மாக்கியவெல்லியன்’. அந்த மனிதர் வெள்ளேரி கர்ணம் மணவாளன். இன்று என் தலைக்கு மேலே கூரை இருப்பதும், அதன் கீழே என் மகன் ஓடி விளையாடுவதும் அவரால்தான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் போகிற வழியில் அவரை நிறையத் திட்டப் போகிறேன். எனக்கு முன்கோபம். பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் என் பெயர் பாய்லர் வீராசாமி.

நாங்கள் அப்போது இருந்தது வெள்ளேரித்தாங்கல். ஆவடி ஸ்டேஷனிலிருந்து முக்கால் மணி நேர நடை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வெள்ளேரி ஊர். இந்தப் பக்கம் பள்ளத்தில் எங்கள் சேரி. இருபத்திரண்டு வீடு, ஒரு கிணறு, ஒரு வேம்புலியம்மன் கோயில். எல்லாரும் ஊராரின் நிலத்தில் ஏர் ஓட்டி, நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். ரயிலேறி வேலைக்குப் போனவன் நான் ஒருத்தன்தான். எங்கள் ஜனங்களின் சங்கத்துக்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் நாலெழுத்தும் படித்திருந்தேன். அந்தத் திமிரும் என்னிடம் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆடி மாதம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பூந்தமல்லிப் பக்கம் ஓடிவந்த வருஷம். எங்கள் பக்கம் வந்தது பட்டாளம். கிடங்கு கட்ட இடம் வேண்டும் என்று சிவப்புக் கொடி நட்டு அளந்தார்கள். ஒரு சனிக்கிழமை கரையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எட்டு நாளில் எல்லாரும் காலி செய்ய வேண்டும். ஊராருக்கு மட்டும் ரயில் பாதைக்கு அந்தப்புறம் மாற்று மனை உண்டு, அதை அளந்து கொடுக்கும் வரை அவர்கள் இருக்கலாம்.

“எங்களுக்கு எங்க இடம்?” என்று நோட்டீஸ் ஒட்டிய குமாஸ்தாவைக் கேட்டேன்.

அவன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தான். “தாங்கலா? அங்க குடியே இல்லியே. அடங்கல்ல எருக்கு, ஆவாரம்னு கீது. நீங்க அத்துமீறி குந்திகினு கீறீங்க.”

“இல்லாத ஆளுக்கு எதுக்குய்யா எட்டு நாள் கெடு?” என்று கத்தினேன். அவன் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அடங்கல் என்பது எந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று கர்ணம் வருஷா வருஷம் எழுதுகிற கணக்கு. அதை நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும். மணவாளனின் அப்பாவும் எழுதினார், அவருக்குப் பிறகு மணவாளனும் எழுதினார். ஆனால் இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கரையைவிட்டுச் சேரிக்குள் இறங்கியதில்லை. இறங்கினால் தீட்டு. மேலே நின்றபடி பார்த்தால் கிணற்றடி எருக்கம் புதர்தான் கண்ணுக்குத் தெரியும். அதை எழுதிக்கொண்டு போனார்கள். புதருக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம்.

நேரே கர்ணத்தின் வீட்டுக்குப் போனேன். தெருவில் நின்றுதான் பேச வேண்டும், நின்றேன். அவர் வெளியே வந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே என் கத்தலை முழுசாகக் கேட்டார். மெலிந்த ஆள், ஐம்பது வயது, மனைவி செத்துப் பல வருஷம். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

“மாத்து மனை யாருக்குன்னு முடிவு பண்ண தாசில்தார் விசாரணைக்கு வராரு. அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை,” என்றார். “அன்னிக்கு நீங்க அங்க குடியிருந்தாத்தான் பேச முடியும்.”

“ஞாயித்துக்கிழமையே லாரி வெச்சுத் தள்ளிடுவானே! புதனுக்கு யாரு இருப்பா?”

“வேம்புலியம்மனுக்கு எப்பப்பா காப்பு?”

“மூணாஞ் செவ்வா. நான் இன்னா கேக்குறேன், நீங்க இன்னா சொல்றீங்க?”

“ஓஹோ,” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். நான் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

காப்பைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மனுக்குப் பத்து நாள் திருவிழா. முதல் நாள் பூசாரி வீட்டுக்கு ஒருத்தர் கையில் மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டுவார். கட்டிவிட்டால் அந்த வீட்டில் ஒருத்தரும் பத்து நாளைக்கு எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இன்னொன்று, விழா நடக்கும்போது சேரியில் பிரசவத் தீட்டு கூடாது. அதனால் மாசமான பெண்களைக் காப்புக்கு முன்பே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

என் மனைவி பொன்னியம்மாவுக்கு அப்போது நிறைமாதம்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் முதல் குழந்தை அந்த வீட்டிலேயே பிறந்து அந்த வீட்டிலேயே போனது. கைராசியான மருத்துவச்சி யாரும் கிட்டத்தில் இல்லை. கூட்டிவர ஓடினவன் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பொன்னியம்மா ஆறு மாதம் யாரிடமும் பேசவில்லை. இந்தத் தடவை அவளைக் கரையான்சாவடியில் அவள் அம்மா வீட்டில் விட வேண்டும், பக்கத்திலேயே பூந்தமல்லி ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மாதக்கணக்காக மனசில் போட்டு வைத்திருந்தேன். புதன்கிழமை லீவு சொல்லி, மாட்டு வண்டிக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. வீடு போனால் போகிறது, இந்தக் குழந்தை பிழைத்தால் போதும் என்றுதான் அப்போது இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரயிலிறங்கி வருகிறேன், கரையிலேயே பம்பைச் சத்தம் கேட்கிறது. மூன்றாம் செவ்வாய்க்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று ஓடினேன். கோயில் முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். பொன்னியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் காப்பு.

பூசாரி செங்கல்வராயன் அவளுக்குத் தாய்மாமன். அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கலாம் என்றால் அவர் சட்டையே போடுவதில்லை.

“யோவ், உனக்குப் புத்தி கித்தி கீதா? நாளைக்கு வண்டி சொல்லிக்கீறேன். நிறைமாசக்காரி கையில காப்பு கட்டிக்கீறியே!”

“கோச்சுக்காதே நைனா,” என்றார் அவர், என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்துகொண்டே. “கர்ணம் ஐயா சொல்லி அனுப்பினாரு. காப்பு இன்னிக்கே கட்டணும், பொன்னியம்மா கைக்குத்தான் மொதல்ல கட்டணும்னாரு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல. பிரசவத் தீட்டு வந்தா அம்மன்கிட்ட நான் மன்னாப்பு கேட்டுக்குறேன்.”

அவருக்குப் பின்னால் கூழ்ச் சட்டியோடு ஒரு கிழவி உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். கரையான்சாவடி மருத்துவச்சி பூங்காவனம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. “கூழு குடிக்க வா வான்னு வண்டி அனுப்பிக் கூப்ட்டு, எனக்கும் கட்டிட்டான் பாரு படுபாவி! பத்து நாளிக்கு என் கோழிங்களுக்கு யாரு தீனி வெப்பா?” என்றாள். கோபத்தில் எனக்கு அது காதில் விழுந்ததே தவிர, மண்டைக்குள் ஏறவில்லை.

மறுநாள் காலை கரைமேல் மணவாளனைப் பிடித்தேன். சேரியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். வெறும் கையோடு போனதே நல்லதாயிற்று.

“என் பொண்டாட்டிய இங்க கட்டிப் போட நீ யாருய்யா? ஒண்ணைப் புதைச்ச ஊடு அது. தெரியுமா உனக்கு?”

“தெரியும்,” என்றார். “அவ இங்கதான் பெறணும்.”

அவர் மேல்துண்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன். எங்கள் சேரியில் எந்த ஆளும் கர்ணத்தின் மேல் கை வைத்ததில்லை. ஏரிக்குக் குளிக்க வந்த ஊரார் இரண்டு பேர் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் என் முதுகுத் தோல் மிஞ்சியிருக்காது.

“அடிக்கணும்னா சீக்கிரம் அடிச்சுட்டுக் கிளம்பு. ஏழு நாப்பது வண்டி போயிடும்,” என்றார்.

இப்படிச் சொல்கிறவனை எப்படி அடிப்பது? துண்டை விட்டேன். அவர் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்க வந்தவர்களிடம், “துண்டுல பூரான் ஏறிடுச்சு, வீராசாமி எடுத்து விட்டான்,” என்றார். ரயிலில் போகிற வழியெல்லாம் அந்தப் பொய்யை நினைத்து எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறவனை நம்பி என் பெண்டாட்டியை விட்டிருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கெடு முடிந்தது. சொன்னபடியே இரண்டு லாரியும் ஐந்தாறு போலீஸ்காரர்களும் வந்தார்கள். கூடவே பட்டாளத்துக் கேம்ப் துரை. இளவயசு வெள்ளைக்காரர், வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. நாங்கள் சட்டி பானையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றோம். கரைமேல் மணவாளன் துரைக்கு முன்னால் கைகட்டி நின்று, அரைகுறை இங்கிலீஷில் மெல்லப் பேசினார். கூட வந்த குமாஸ்தா மீதியை எடுத்துச் சொன்னான்.

இவர்கள் காப்புக் கட்டியிருக்கிறார்கள், வியாழக்கிழமை காப்பு அவிழ்க்கும் வரை வெளியே படுக்கக் கூடாது என்றார். அதற்குத் துரை அசையவில்லை. பிறகு மணவாளன் ரொம்பப் பணிவாக இன்னொன்று சொன்னார். கேம்ப் கட்டுகிற அறுநூறு கூலியாட்களும் சுற்றுவட்டாரத்துப் பன்னிரண்டு கிராமத்துக்காரர்கள். எல்லாருக்கும் இதே அம்மன்தான். காப்புக் கட்டினவர்களைக் கிளப்பினால் நாளைக் காலையில் ஒரு ஆள் மண்வெட்டி எடுக்க மாட்டான். தனக்கு அது ரொம்ப வருத்தமாக இருக்கும் என்றார்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மணவாளனை ரொம்ப நேரம் பார்த்தார். “வியாழன் சாயங்காலம்,” என்றுவிட்டு ஜீப்பில் ஏறினார். லாரிகள் வெறுமனே திரும்பின.

சேரியே ஆரவாரம் செய்தது. செங்கல்வராயன் பம்பையை எடுத்து அடித்தார். நான் மட்டும் சும்மா நின்றேன். புதன்கிழமை வரை இருப்போம், சரி. தாசில்தார் வந்து அடங்கலைப் பிரித்தால் எருக்கும் ஆவாரமும்தானே இருக்கும்? இந்த மனிதனுக்கு அது தெரியாதா?

திங்கட்கிழமை நான் வேலையில் இருக்கும்போது பொன்னியம்மாவுக்கு வலி எடுத்தது. சாயங்காலம் கரைமேல் ஏறும்போதே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சரிவில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். பூங்காவனம் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்திகினு வந்துச்சு,” என்றாள். “விரல விட்டு எடுத்தேன். நான் மட்டும் இல்லேன்னா உன் புள்ள வாய் தொறந்திருக்காது. போ, போய்ப் பாரு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க.”

அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. அப்போதுதான், அவள் கையிலிருந்த மஞ்சள் கயிற்றை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோதுதான், மண்டையில் உறைத்தது. இவளை வண்டி அனுப்பிக் கூப்பிட்டது யார்? செங்கல்வராயனிடம் ஏது வண்டி? இவள் போய்விடக் கூடாது என்று கையில் கட்டச் சொன்னது யார்?

“எந்த வண்டில வந்தே ஆயா?”

“கர்ணத்தோட வில்வண்டிதான். நீதான் கேட்டியாமே? வாயத் தொறந்து நன்றி சொல்லத் தெரியாதவனாச்சே நீ,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை மணவாளன் சேரிக்குள் இறங்கினார்.

இருபத்திரண்டு வீட்டு ஜனமும் வெளியே வந்து நின்றோம். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் மசிப்புட்டி. சரிவில் கால் வழுக்கி, மசி கொஞ்சம் வேட்டியில் கொட்டியது. கரைக்குப் பின்னால் ஊராரின் தலைகள் தெரிந்தன. ஏறி வா என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேப்பிலை கட்டின என் வீட்டு வாசலுக்கு நேரே வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த உரலின் மேல் உட்கார்ந்தார். பிரசவத் தீட்டு வீடு, அதுவும் சேரி வீடு.

“இன்னா குழந்தை?” என்றார்.

“ஆம்பளப் புள்ள, சாமி,” என்றாள் உள்ளிருந்து பொன்னியம்மா.

அந்த நோட்டு பிறப்பு இறப்புப் பதிவு. அதை எழுத வேண்டிய கிராம முன்சீப்புக்குக் கண் தெரியாததால் அதுவும் கர்ணத்தின் கையில்தான் இருந்தது. சேரியில் பிறக்கிற குழந்தைகளை அதுவரை ‘வெள்ளேரி’ என்று பொதுவாக எழுதிவிடுவார்கள். அன்று அவர் எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். பிறந்த இடம் வெள்ளேரித்தாங்கல். கரைக்குக் கிழக்கே. நாலாவது வீடு.

பிறகு எழுந்து ஒவ்வொரு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் பெயர் கேட்டார், குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். மத்தியானம் வரை தனித்தாளில் எழுதினார். ஒன்றும் புரியாமல் நான் அவர் பின்னாலேயே குடை பிடிக்கிற ஆள் மாதிரி நடந்தேன்.

புதன்கிழமை விசாரணை. கரைமேல் புளியமரத்தடியில் தாசில்தாருக்கு மேஜை போட்டார்கள். பக்கத்தில் கேம்ப் துரை. ஊராரின் மனைகள் ஒவ்வொன்றாக முடிந்து, கடைசியில் எங்கள் முறை வந்தது. தாசில்தார் அடங்கலைப் பிரித்தார். “குடி இல்லைன்னு இருக்கு. அடுத்து?”

மணவாளன் பிறப்புப் பதிவையும் அந்தத் தாளையும் மேஜைமேல் வைத்தார்.

தாசில்தார் தாளை எடுத்துச் சத்தமாகவே படித்தார். “ஒன்று, வெள்ளேரித்தாங்கலில் திங்கட்கிழமை பிறந்த ஆண் குழந்தை. இரண்டு, மேற்படி குழந்தையின் தகப்பன் வீராசாமி. மூன்று, மேற்படி குழந்தையின் தாயாருக்குத் தாய்மாமன் செங்கல்வராயன். நான்கு, மேற்படி குழந்தையின் பக்கத்து வீட்டுக்காரன் நாகப்பன். ஐந்து, மேற்படி குழந்தைக்குத் தொட்டில் கயிறு கொடுத்த வேம்புலி. ஆறு, மேற்படி குழந்தைக்கு வெந்நீர் வைத்த வடிவு...” படிக்கப் படிக்க அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வீடும் அப்படியே வந்தது. ஒரு வீடுகூட விட்டுப் போகவில்லை.

“என்ன ஓய் இது?”

“சர்க்கார் நோட்டிலே இந்த இடத்துல ஒரு பிறப்பு ஏறியாச்சுங்க. குழந்தை புதர்ல தனியாப் பொறக்காது. அதுக்கு வேண்டியவங்க சுத்தி இருக்கணுமில்ல?” என்றார் மணவாளன்.

தாசில்தார் சிரிப்பை நிறுத்தினார். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இந்த நோட்டு இங்கே ஜனம் இருக்குங்கிறது. அடங்கல் இல்லைங்கிறது. ரெண்டும் உம்ம கையெழுத்து. எது பொய்?”

இப்போது ஒரு நரித்தனம் வரப் போகிறது என்று நான் காத்திருந்தேன். செத்துப்போன அப்பாவின் தலையில் போட்டிருக்கலாம். போன வருஷம்தான் குடி வந்தார்கள் என்றிருக்கலாம். பூரான் கதை சொன்ன வாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்?

“அடங்கல்தாங்க பொய்,” என்றார். “பத்தொம்பது வருஷமா நான் எழுதின பொய். இந்தக் கரையை விட்டு நான் இறங்கினதே இல்லை. இங்கேயே நின்னு பார்த்து எழுதினேன். நேத்துத்தான் இறங்கினேன். இவங்க எல்லாரும் இருக்காங்க.”

ஊராரிடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தாசில்தார் அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார். கேம்ப் துரை நாற்காலியில் சாய்ந்து மணவாளனை மேலும் கீழும் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். திருவிழா, பிரசவம், பட்டியல், இப்போது இந்த வாக்குமூலம், எல்லாமே ஒரே சூழ்ச்சி என்று அவருக்குப் பட்டிருக்கும். அவர் மேலதிகாரிகளுக்கு எழுதின கடிதத்திலும் அதே வார்த்தையைப் போட்டார்.

எங்களுக்கு அண்ணனூர்ப் பக்கம் ரயில் பாதையோரமாக இருபத்திரண்டு மனை கிடைத்தது. மணவாளனுக்கு வேலை போனது.

புது இடத்தில் கூரை போட்டு முடித்த வாரம் அவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். வேலைநீக்க உத்தரவோடு துரையின் கடித நகல் ஒன்றும் வந்திருந்தது. ஒரு வார்த்தையின் கீழே நகத்தால் கீறி வைத்திருந்தார். “மத்ததெல்லாம் புரியுது. இது மட்டும் இன்னான்னு உங்க ஆபீஸ்ல கேட்டுகினு வா,” என்றார்.

எங்கள் ஹெட் கிளார்க் ஜானகிராமன் சார் பி.ஏ. படித்தவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “இது ஒருத்தர் பேர்லேர்ந்து வந்த வார்த்தைப்பா. மாக்கியவெல்லின்னு இத்தாலி தேசத்துக்காரர், நானூறு வருஷம் ஆச்சு. ராஜாவாயிருக்கறவன் அதிகாரத்தைக் காப்பாத்திக்க என்ன தந்திரமும் பண்ணலாம், பொய்யும் சொல்லலாம், வெளியிலே நல்லவனாத் தெரிஞ்சாப் போதும்னு அவர் சொன்னதா ஜனங்க பேசுவா. அதனால, காரியம் ஆகணும்னா எதுக்கும் துணிஞ்ச நயவஞ்சகனை மாக்கியவெல்லியன்னு சொல்றது. யாரைச் சொல்லியிருக்கா இப்படி?”

“எனக்கு வேண்டியவங்கள சார்,” என்றேன். அப்படி வாயில் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மணவாளனிடம் போய் மென்று விழுங்கினேன். அவர் விடவில்லை. கடைசியில் ஜானகிராமன் சார் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

“ராஜாவுக்குச் சொன்னதா? எனக்கு உக்கார நாற்காலியே போயிடுச்சேப்பா!”

“துரைக்குப் பாதிதான் தெரியும்,” என்றேன். “தந்திரம் பண்ணீங்க, சரி. உங்க அதிகாரத்தைக் காப்பாத்திக்கவா பண்ணீங்க? இருந்ததையும் எங்களுக்காக உட்டீங்க. அதுக்கு அவன்கிட்ட வார்த்தை கீதா? ஏங்க, எங்கிட்ட ஒரு சொல்லு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா?”

யோசித்தேன். “ஏழு நாப்பது வண்டி பூரா சொல்லியிருப்பேன்.”

“அதான்,” என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “அடங்கல் கேம்ப் ஆபீஸுக்குப் போயிடுச்சு. திருத்த முடியாது. என் கையில மிச்சமிருந்தது பிறப்பு நோட்டு ஒண்ணுதான். அதுக்கு ஒரு குழந்தை வேணும். உன் வீட்டுக் குழந்தைய வெச்சு ஆடினேன். பூங்காவனத்தை நம்பினேன், ஆனா அந்த ஏழு நாளும் நான் சோறு தின்னல. நீ அன்னிக்கு அடிச்சிருக்கலாம்.”

உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று கேட்டேன். போய் வேலையைப் பார் என்றார்.

சேரிக்குள் இறங்கித் தீட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்தவரை அவர் உறவுக்காரர்கள் அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. கரையான்சாவடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பூந்தமல்லிக் கோர்ட்டுக் கச்சேரி வாசலில் ஜனங்களுக்கு மனு எழுதிக் காலம் தள்ளினார். நான் நாலு வருஷமாகக் கூப்பிடாத நாளில்லை. ஒரு வேளை சாப்பிட வாருங்கள், பிள்ளையைப் பாருங்கள் என்பேன். கால் வலி என்பார். வழி தெரியாது என்பார். ஆவடி வட்டாரத்து மண்ணையே அளந்த மனிதருக்கு அண்ணனூர் வழி தெரியாதாம். பொய்யர்.

அதனால் இந்த ஆடியில் நானும் ஒரு வேலை செய்தேன். எங்கள் மனைகளுக்குக் கிணறு வேண்டும், மனு எழுத வேண்டும், ஆனால் இடத்தை நேரில் பார்க்காமல் எழுதினால் சர்க்கார் ஒத்துக்கொள்ளாது என்றேன். நேரில் பார்ப்பது என்றதும் அவர் முகம் மாறியது. மறுபேச்சுப் பேசாமல் மசிப்புட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினோம். பம்பை முழங்கியது. மணவாளன் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் செங்கல்வராயன் அவர் கையைப் பிடித்து மஞ்சள் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டார். கூழ்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்த பூங்காவனம், “நல்லா மாட்டிகினாரு!” என்று தொடையில் தட்டிச் சிரித்தாள்.

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். “இது இன்னாப்பா?”

“காப்பு. பத்து நாளைக்கு எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?”

“யாரு யோசனை?”

“மாக்கியவெல்லியன் யோசனை,” என்றேன்.

அவர் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாரும் சுற்றி நின்றோம். அப்போது என் மகன் கூட்டத்துக்குள் புகுந்து அவர் முன்னால் வந்து நின்றான். அந்தப் பட்டியலை எங்கள் பிள்ளைகள் எல்லாரும் பாட்டாகப் பாடுவார்கள். யார் யார் தனக்கு என்ன உறவு என்று அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். இவரை அதில் காணோமே என்று பார்த்தான்.

“நைனா, இவரு மேற்படி குழந்தைக்கு இன்னா ஆவணும்?”

நாலு வருஷமாக ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பதில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தவன், அது இவ்வளவு பக்கத்தில் இருந்தது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

“பெரியப்பாடா,” என்றேன்.

“வா பெரியப்பா, ஊட்டுக்கு,” என்று அவன் காப்புக் கட்டின கையைப் பிடித்து இழுத்தான். மணவாளன் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தார். எங்கள் வீட்டு வாசல் உயரம் குறைவு. குனிந்து உள்ளே போனார்.

“அடியே, பாயை எடுத்துப் போடு, எத்தனை தடவை சொல்றது!” என்று பொன்னியம்மாவிடம் கத்தினேன். ஒரு தடவைகூட நான் சொல்லியிருக்கவில்லை. பாய் ஏற்கனவே விரித்துத்தான் இருந்தது.